வலப்பக்கம் நாளை, இடப்பக்கம் நேற்று

'தி கார்டன்ஸ் பிட்வீன்' கேமைத் திறந்ததும் திரையில் ஒரு சிறுமியும் ஒரு சிறுவனும் நிற்கிறார்கள். கன்ட்ரோலரில் இருக்கும் சின்ன நெம்புகோலான ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் நடக்கிறார்கள், விட்டால் நின்றுவிடுகிறார்கள். சரி, இவர்களை நடத்திக்கொண்டு போவதுதான் நம் வேலைபோல என்று நினைத்துக்கொள்வோம். அப்புறம்தான் கவனிப்போம்: அவர்கள் நின்றபோது, மேலிருந்து விழுந்துகொண்டிருந்த பொருளும் அந்தரத்தில் நிற்கிறது. இடப்பக்கம் தள்ளினால் சிறுமி பின்னோக்கி நடக்கிறாள், விழுந்தது மறுபடி மேலே போகிறது. அந்தக் குழந்தைகள் தங்கள் பாட்டுக்கு நடக்கிறார்கள். நம் கையில் இருப்பது காலம்.

இந்த ஒரு ஏற்பாட்டை வைத்துக்கொண்டு ஒரு நட்பின் கதையை முழுசாகச் சொல்லிவிட முடியும், அதுவும் ஒரு வசனம்கூட இல்லாமல் சொல்லிவிட முடியும் என்பதைத்தான் இந்தக் கேம் எனக்குக் காட்டியது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இருக்கும் 'தி வாக்ஸல் ஏஜென்ட்ஸ்' என்ற சிறிய ஸ்டூடியோ 2018 செப்டம்பரில் இதை வெளியிட்டது. இசை டிம் ஷீல். 2019இல் ஆப்பிள் டிசைன் விருதும் கிடைத்தது. இரண்டு மூன்று மணி நேரத்தில் விளையாடி முடித்துவிடலாம். ஒரு ஸ்டிக், ஒரு பட்டன், அவ்வளவுதான் கட்டுப்பாடு.

கதை இதுதான். அரினா துணிச்சல்காரி. ஃப்ரெண்ட் கண்ணாடி போட்ட, நிதானமான பையன். ஆமாம், அவன் பெயரே அதுதான். ஒரு மழை இரவில் இருவரும் வீட்டிலிருந்து நழுவி வந்து தங்கள் மரவீட்டில் உட்காருகிறார்கள். எங்கிருந்தோ ஓர் ஒளி உருண்டை வருகிறது. மரவீடு அப்படியே ஒரு கனவுக் கடலுக்குள் இறங்கிவிடுகிறது. கடலெங்கும் சின்னச் சின்னத் தீவுகள். ஒவ்வொரு தீவும் இருவரும் சேர்ந்து கழித்த ஏதோ ஒரு நாளின் சாமான்களால் ஆனது. சோபா, டிவி, கேம் கன்சோல், டைனோசர் எலும்புக்கூடு எல்லாமே மலையளவு. ஏன் இவ்வளவு பெரிசு என்று கேமில் யாரும் காரணம் சொல்வதில்லை. சோபாவின் கைப்பிடிமேல் ஏறி நின்று வீட்டையே ஆண்ட வயது நினைவிருப்பவர்களுக்குக் காரணம் தேவையும் இல்லை.

தீவின் உச்சிக்கு, எரியும் விளக்கோடு போய்ச் சேர வேண்டும். சேர்ந்துவிட்டால் நட்சத்திரங்கள் கூடி ஒரு பழைய காட்சியைக் காட்டுகின்றன. அங்கேதான், இவ்வளவு நேரம் நாம் சுற்றிச் சுற்றி ஏறிய சாமான்கள் எல்லாம் எந்த நாளைச் சேர்ந்தவை என்று தெரிகிறது.

இந்த வரிசையை நான் ரொம்ப மதிக்கிறேன். வழக்கமாக ஒரு கதை முதலில் நினைவைச் சொல்லும். அப்புறம் அந்த நினைவில் வரும் பொருள் நமக்கு முக்கியமாகும். இங்கே தலைகீழ். முதலில் அந்தப் பொருள் வெறும் தடை. அதன்மேல் ஏறி, அடியில் நுழைந்து, அது எப்போது நகரும், எங்கே விழும் என்று காலத்தை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்து மனப்பாடம் ஆகியிருக்கும். அதன்பிறகு, அது இரண்டு குழந்தைகள் சேர்ந்து சிரித்த ஒரு மாலையின் மிச்சம் என்று தெரியவரும்போது, அந்த மாலை நமக்கும் பழக்கப்பட்டதாகிவிடுகிறது. ஒரு நினைவை நாம் அடிக்கடி புரட்டிப் பார்ப்பதும் இப்படித்தானே? அதன் ஓர் ஓரத்திலேயே நின்று முன்னும் பின்னும் போய்க்கொண்டிருப்போம்.

வசனம் இல்லாத கேம்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் பலவற்றின்மேல் எனக்கு மனத்தாங்கல் உண்டு. இடிந்த கோபுரம், பனிமூட்டம், தூரத்தில் ஒரு வெளிச்சம், பின்னால் ஒரு பியானோ. எல்லாம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் நம் கை செய்யும் வேலைக்கும் அந்த அழகுக்கும் சம்பந்தம் இருக்காது. பெட்டியைத் தள்ளு, கதவைத் திற, அடுத்த இடத்துக்குப் போ. வாயை மூடிக்கொண்டால் மட்டும் ஆழம் வந்துவிடாது. பேச்சை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வேறொன்று பேச வேண்டும். கேமில் அப்படிப் பேசக்கூடியது, விளையாடுபவரின் கையில் கொடுக்கப்படும் வேலை.

விளக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்தக் கேமின் கதை அதற்குள்தான் இருக்கிறது.

விளக்கைத் தூக்கிக்கொண்டு போவது அரினா. வழியில் ஒளிரும் பூக்கள் இருக்கும். அருகே போனால் ஒளி விளக்குக்குள் தாவி வரும். ஒளியைப் பறித்துக்கொள்ளும் இருண்ட பூக்களும் உண்டு. சில இடங்களில் ஊதா நிற மூடுபனி சுவர்போல வழியை மறிக்கும். விளக்கு எரிந்தால் அது கலைந்துவிடும். வேறு சில இடங்களில் அதே பனிதான் பாலம். விளக்கு அணைந்திருந்தால்தான் அது காலைத் தாங்கும். ஆக, ஒளி எப்போதும் கையில் இருக்க வேண்டும் என்றும் இல்லை. சில பள்ளங்களை இருட்டில்தான் கடக்க முடியும்.

முக்கியமான விதி இனிமேல்தான் வருகிறது. காலத்தைப் பின்னால் இழுத்தால் விழுந்தது எழும், திறந்தது மூடும், குழந்தைகள் வந்த வழியே திரும்பிப் போவார்கள். ஆனால் விளக்கில் ஏறிய ஒளி மட்டும் பூவுக்குத் திரும்பிப் போகாது. உலகமே பழைய நிலைக்குப் போனாலும் அது அரினாவோடு தங்கிவிடும். இதை விளையாடக் கற்றுத்தரும் எந்த டுடோரியலும் எழுத்தில் சொல்வதில்லை. இழுத்துப் பார்க்கிறோம், ஒளி இருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்து அந்தச் சின்னப் பெட்டி. துள்ளித் துள்ளிப் போகும் ஒரு கனசதுரம். அரினா தன் விளக்கை அதன்மேல் வைக்கலாம். வைத்துவிட்டுக் காலத்தை நகர்த்தினால் பெட்டி தன் வழியில் துள்ளிக்கொண்டு போகும், அரினா தன் வழியில் வெறுங்கையோடு நடப்பாள். அவளால் போக முடியாத இடமெல்லாம் விளக்கு போய் வரும். இருவர் வழியும் மறுபடி சந்திக்கும் இடத்தில் அதை எடுத்துக்கொள்ளலாம். புதிராகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனமான ஒரு சாதனம். ஆனால் தீவு தீவாக இதைச் செய்துகொண்டே போகும்போது கை ஒன்றைப் பழகிவிடுகிறது. அருமையானதை ஓரிடத்தில் விட்டுவிட்டு நடக்கலாம். கொஞ்ச தூரம் அது இல்லாமல் போக வேண்டியிருக்கும். வேறோர் இடத்தில் அது எரிந்தபடியே நம்மை வந்து சேரும்.

ஃப்ரெண்டின் குடும்பம் வேறிடத்துக்குக் குடிபோகிறது, இருவரும் சேர்ந்திருக்கும் கடைசி இரவு அது என்பது முடிவில்தான் முழுசாகப் புரிகிறது. அதற்குள் கேம் பிரிவதைப் பலமுறை நமக்குப் பழக்கிவிட்டிருக்கிறது. அரினா விளக்கைப் பிரிந்து சேர்ந்தாள். இருவரும் தீவைச் சுற்றி ஆளுக்கொரு பாதையில் போய் உச்சியில் சேர்ந்தார்கள். விளக்கு அவள் பொறுப்பு, கருவிகளையும் மணிகளையும் இயக்குவது அவன் பொறுப்பு. ஒருவர் இல்லாமல் மற்றவரால் ஒரு தீவைக்கூடக் கடக்க முடியாது. அதைவிட என்னைத் தொட்டது வேறொன்று. இருவரும் வேறு வேறு பாதையில், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத இடத்தில் நடக்கும்போதும், நம் கையிலுள்ள அந்த ஒரே ஸ்டிக்தான் இருவரையும் நகர்த்துகிறது. அவள் நடந்தால் அவனும் நடக்கிறான். இடம் வேறானாலும் காலம் ஒன்றுதான். தூரதேசத்தில் இருக்கும் ஒரு பழைய சிநேகிதரை நினைக்கும்போது நமக்கு மிஞ்சியிருக்கும் ஆறுதலும் இதுதான். அதை ஒரு வசனமாக எழுதியிருந்தால் வாழ்த்து அட்டை வாசகம்போல ஆகியிருக்கும்.

என் பள்ளித் தோழன் ஒருவனும் ஒரு விடுமுறையில் குடும்பத்தோடு கிளம்பிப் போனான். போகப்போகிறான் என்று இருவருக்கும் முன்னாலேயே தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. வழக்கத்தைவிட அதிக நேரம் விளையாடினோம், அவ்வளவுதான். பெரியவர்கள் பிரியும்போது பேசுகிறார்கள், கடிதம் எழுதுகிறார்கள், எண்ணைச் சரிபார்த்துக்கொள்கிறார்கள். அந்த வயதுப் பிள்ளைகள் இன்னும் ஒரு ஆட்டம் ஆடுகிறார்கள். அதனால்தான் இந்தக் கேமின் மௌனம் எனக்கு ஓர் அலங்காரமாகத் தெரியவில்லை. உள்ளபடியே இருப்பதாகத் தெரிகிறது. அரினாவும் ஃப்ரெண்டும் தங்கள் பிரிவைப் பற்றி நல்ல தமிழிலோ நல்ல ஆங்கிலத்திலோ நாலு வாக்கியம் பேசியிருந்தால், அவர்கள் குழந்தைகளாக இருந்திருக்க மாட்டார்கள்.

காலத்தைத் திருப்பும் கேம் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது 'ப்ரெய்ட்'. ஜொனாதன் ப்ளோ உருவாக்கி, டேவிட் ஹெல்மன் ஓவியத்தோடு 2008 ஆகஸ்டில் வந்தது. 2024இல் மெருகேற்றிய பதிப்பும் வந்திருக்கிறது. இனி எழுதப்போவதில் அதன் முடிவும் வரும். இன்னும் விளையாடாதவர்கள் அடுத்த சில பத்திகளைத் தாண்டிவிடுங்கள்.

ப்ரெய்டில் டிம் என்பவன் ஓர் இளவரசியைத் தேடிப் போகிறான். ஒவ்வோர் உலகத்திலும் காலம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். நான்காம் உலகத்தில் டிம் வலப்பக்கம் நடந்தால் காலம் முன்னே போகும், இடப்பக்கம் நடந்தால் பின்னே போகும். கார்டன்ஸுக்குப் பத்து வருடம் முந்தைய உறவுக்காரர் என்றே சொல்லலாம். மூன்றாம் உலகத்தில் பச்சையாக மின்னும் பொருட்கள் வருகின்றன. காலத்தைத் திருப்பினாலும் அவை திரும்பாது. ஒரு பள்ளத்தில் அப்படி ஒரு சாவி கிடக்கிறது. குதித்தால் மேலே ஏறி வர வழி இல்லை. குதித்து, சாவியை எடுத்து, காலத்தைத் திருப்ப வேண்டும். டிம் பள்ளத்துக்கு வெளியே வந்துவிடுவான், சாவி அவன் கையிலேயே இருக்கும்.

அரினாவின் ஒளியும் இதே விதிதான். ஆனால் உணர்வு முற்றிலும் வேறு. டிம் ஒரு பொருளை அடைவதற்காக நடந்ததை அழிக்கிறான். அரினா தான் பெற்றதை வைத்துக்கொண்டு, நடந்தவற்றின் வழியே மறுபடி நடக்கிறாள். ஒரே விதி, இரண்டு மனநிலை. இதைச் சொல்லக் கேமுக்கு வார்த்தை தேவைப்படவில்லை.

ஆனால் ப்ரெய்டில் வார்த்தை உண்டு. ஒவ்வோர் உலகத்தின் வாசலிலும் புத்தகங்கள் திறந்து கிடக்கும். டிம் அருகே நின்றால் பத்தி பத்தியாக உரைநடை வரும். மன்னிப்பு, தவறு, திருத்திக்கொள்ளும் ஆசை என்று போகும். மோசமான எழுத்து என்று சொல்ல மாட்டேன். ஆனால் கையோடு ஒட்டாத எழுத்து. படித்துவிட்டு உள்ளே போனால் விளையாட்டு வேறொரு மொழியில் இன்னும் கூர்மையாகப் பேசிக்கொண்டிருக்கும்.

அந்தக் கூர்மை உச்சத்துக்கு வருவது கடைசிக் கட்டத்தில். மேல் தளத்தில் இளவரசி ஓடுகிறாள், கீழ்த் தளத்தில் டிம் ஓடுகிறான், பின்னால் நெருப்புச் சுவர் துரத்துகிறது. மேலே அவள் ஒவ்வொரு விசையாக இழுக்க, கீழே அவனுக்கு வழி திறக்கிறது. ஓரிரு கூச்சல்களைத் தவிர வசனம் கிடையாது. இருவரும் ஒருவருக்கொருவர் உதவி ஒரு முரடனிடமிருந்து தப்புகிறார்கள் என்று மனசு நம்பிவிடுகிறது. கடைசியில் அவள் அறை ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கிறோம். அங்கே காலத்தைத் திருப்ப வேண்டியிருக்கிறது. திருப்பினால் அதே காட்சி, அதே அசைவுகள், இம்முறை காலத்தின் சரியான திசையில். அவள் டிம்மிடமிருந்து ஓடிக்கொண்டிருக்கிறாள். வழி திறந்ததாக நினைத்த ஒவ்வொரு விசையும் அவனைத் தடுக்க அவள் இழுத்தது. முரடன் என்று நினைத்தவன் அவளைக் காப்பாற்ற வந்தவன்.

அந்தக் காட்சியில் ஒரு பொருள்கூடப் புதிதாகச் சேர்க்கப்படவில்லை. திசை மட்டும் மாறியது. அவ்வளவு நேரம் நம் விரலுக்குப் பழகிப்போன அந்த ரீவைண்ட் பட்டனே தீர்ப்பைச் சொல்லிவிட்டது. வாசலில் கிடந்த புத்தகங்கள் எல்லாம் சேர்ந்தும் சொல்ல முடியாததை இந்த ஒரு திருப்பம் சொல்கிறது. அந்தப் புத்தகங்களை எடுத்துவிட்டாலும் ப்ரெய்ட் நிற்கும், இந்தக் கட்டத்தை எடுத்துவிட்டால் நிற்காது என்பதே என் அபிப்பிராயம்.

காலத்தைத் திருப்புவதும் பேச்சும் நன்றாகப் பொருந்திப்போன இடமும் ஒன்று உண்டு. 2003இல் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்'. அதில் இளவரசனே கதையைச் சொல்லிக்கொண்டு வருவான். நாம் தவறி விழுந்து செத்துவிட்டால், அப்படி நடக்கவில்லையே என்று தன்னைத் திருத்திக்கொண்டு கதையைத் தொடர்வான். பேச்சு அங்கே விதியின் ஒரு பகுதி, அதனால் உறுத்துவதில்லை.

தாய்லாந்தின் 'உர்னிக் ஸ்டூடியோ' 2020இல் வெளியிட்ட 'டைம்லி'யையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு சிறுமி, ஒரு பூனை, துரத்தும் ரோபோக்கள், கீழே வீடியோ பிளேயரில் இருப்பதுபோல ஒரு காலக்கோடு. இங்கேயும் பேச்சில்லை. சிறுமிக்கும் பூனைக்கும் எப்படியும் பொதுமொழி இருந்திருக்காது என்பதால் அதுவும் பொருத்தமாகவே இருக்கிறது. புதிர்கள் கார்டன்ஸைவிடக் கடினம், கதை அதைவிட மெலிசு.

'ஃப்ளோரன்ஸ்' காலத்தைத் திருப்பும் கேம் இல்லை. ஆனால் அதே 2018இல், அதே மெல்போர்னில் உருவானது என்பதால் மட்டும் அதைச் சொல்லவில்லை. ஃப்ளோரன்ஸ் என்ற பெண்ணும் அவள் காதலனும் பேசிக்கொள்ளும்போது பேச்சுக் குமிழி துண்டு துண்டாக வரும், நாம் அதைப் பொருத்த வேண்டும். முதல் சந்திப்பில் நிறையத் துண்டுகள், பொருத்த நேரம் பிடிக்கும். நெருக்கம் கூடக்கூடத் துண்டுகள் குறைந்துகொண்டே வரும், கடைசியில் ஒரே துண்டு. சண்டை வரும்போது துண்டுகள் கூர்முனையோடு வரும், வேகவேகமாகப் பொருத்த வேண்டியிருக்கும். என்ன பேசினார்கள் என்று ஒரு வார்த்தைகூடத் தெரியாது, எப்படிப் பேசினார்கள் என்பது மட்டும் விரல் நுனிக்குத் தெரிந்துவிடும். மௌனத்தை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் எனக்குத் தெரியவில்லை.

ஃப்ளோரன்ஸை நினைக்கும்போதுதான் கார்டன்ஸில் எனக்குள்ள குறையும் தெளிவாகிறது. அரினாவுக்கும் ஃப்ரெண்டுக்கும் இடையில் உரசல் மிகக் குறைவு. நட்சத்திரங்களில் தெரியும் காட்சிகள் பெரும்பாலும் இதமானவை, அடுத்தடுத்து வரும்போது ஒன்றின் சாயல் இன்னொன்றில் படிகிறது. அந்த வயதில் சிநேகிதம் அவ்வளவு இதமாக இருப்பதில்லை. கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்த நாட்களும் அதில் உண்டு. பேச்சே இல்லாத ஒரு கேமில் பேசாமல் இருந்த ஒரு நாளை எப்படிக் காட்டுவது என்பது நல்ல சவாலாக இருந்திருக்கும். கருவிகள் எல்லாம் அவர்களிடமே இருந்தன. விளக்கைத் தூக்க மறுக்கும் ஓர் அரினா, விசையைத் தொடாமல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு ஃப்ரெண்ட், அவர்கள் சமாதானமாகும்வரை முன்னே போகாத காலம். ஒரு தீவாவது அப்படி இருந்திருக்கலாம்.

புதிர்கள் சுலபம் என்றும் கேம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதில் நான் மாறுபடுகிறேன். புதிர் ரொம்பக் கடினமானால் கவனம் முழுக்க அதன் பூட்டிலேயே போய்விடும், குழந்தைகளின் முகத்தைப் பார்க்க மாட்டோம். இங்கே பார்க்க நேரம் இருக்கிறது. ஒருவர் மற்றவருக்குக் கைகொடுத்து மேலே ஏற்றும் இடத்தில் காலத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, மறுபடி விட்டு, அந்தக் கை நீளுவதை இன்னொரு தடவை பார்க்கலாம். அதனால் புதிரில் ஒரு அடிகூட முன்னேற மாட்டோம். ஆனாலும் நான் அதைச் செய்துகொண்டிருந்தேன். விளையாடிய பலரும் செய்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

பேச்சில்லாத கேம்களால் இன்னொரு நன்மையும் உண்டு. நம்மில் பலர் தாய்மொழி அல்லாத சப்டைட்டிலைப் படித்துக்கொண்டேதான் இத்தனை வருடம் விளையாடியிருக்கிறோம். கண் பாதி நேரம் திரையின் அடியிலேயே இருக்கும், நுணுக்கமான ஓர் அசைவு மேலே நடந்து முடிந்துவிடும். கார்டன்ஸில் அந்தப் பாதிப் பார்வை நமக்குத் திரும்பக் கிடைக்கிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையும், கன்ட்ரோலரைத் தொட்டே இராத பெரியவரும், எந்த மொழிக்காரரும் ஒரே இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். மொழிபெயர்ப்பில் கசிந்து போக அதில் எதுவும் இல்லை.

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் ஃப்ளோரன்ஸை ஒரு மாலையில் முடித்துவிடுங்கள், போனிலேயே விளையாடலாம். அடுத்து கார்டன்ஸ். முடிந்தால் பக்கத்தில் இன்னொருவரை உட்காரவைத்துக்கொண்டு, ஸ்டிக்கை மாற்றி மாற்றிப் பிடித்து விளையாடுங்கள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே பின்னால் போக வேண்டும் என்று இருவருக்கும் வாக்குவாதம் வரும், வரட்டும். ப்ரெய்டைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் புதிர்கள் பொறுமையைச் சோதிக்கும். விடையை எங்கேயும் தேடாமல் விளையாடினால்தான் அந்தக் கடைசி ரீவைண்ட் முழு பலத்தோடு வந்து இறங்கும்.